பூட்டிக்கொண்டே இருக்கும் அக்கவுன்ட்

வணக்கம் சார். எம்.சி.ஏ. முடித்து மூன்று வருடமாகத் தஞ்சாவூரில் ஒரு கம்பெனியின் ஹெல்ப் டெஸ்க்கில் எல்1-ல், அதாவது புகாரை முதலில் வாங்குகிற கட்டத்தில் இருக்கிறேன். பாஸ்வேர்டு ரீசெட், பிரிண்டர், விபிஎன், நாள் முழுக்க இதுதான். ஒருவர் பதினைந்து நாளில் நான்கு முறை அக்கவுன்ட் லாக் ஆகிவிட்டதென்று கூப்பிட்டார், சிரித்துக்கொண்டே திறந்துவிட்டேன். இதற்கா இவ்வளவு படித்தேன்? கிளவுட் சர்டிஃபிகேட் வாங்குவதா, எம்.பி.ஏ. சேர்வதா, சென்னைக்குப் போவதா?
எஸ்., மன்னார்குடி

அன்புள்ள எஸ்.,

எம்.பி.ஏ. வேண்டாம். சென்னை அப்புறம். சர்டிஃபிகேட் அஷூரோ ரெட்ஹேட்டோ ஏதாவது ஒன்று வாங்குங்கள், அதற்கு என்னைக் கேட்க வேண்டியதில்லை. மூன்று வருடமாக எல்1-லேயே வைத்திருப்பது அநியாயம்தான், அடுத்த கட்டமான எல்2 எப்போது என்று மேனேஜரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், இழுத்தடித்தால் கிளம்புங்கள். சரி, அது முடிந்தது.

எனக்கு அந்த நான்கு முறை பூட்டிக்கொண்டவரை விட மனசில்லை. நான்கு தடவை திறந்துவிட்டீர்களே, ஏன் பூட்டுகிறது என்று ஒரு தடவையாவது பார்த்தீர்களா? பாஸ்வேர்டை மாற்றியிருப்பார், செல்போனில் இருக்கும் மெயில் பழையதையே வைத்துக்கொண்டு விடாமல் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும், தப்பு எண்ணிக்கை ஏறிப் பூட்டு விழும். எல்லோருடைய பாஸ்வேர்டையும் சரிபார்க்கும் சர்வர் இருக்கிறதே, டொமைன் கன்ட்ரோலர், அதன் செக்யூரிட்டி பதிவேட்டில் பூட்டு விழுந்ததற்கான எண் 4740 என்று தேடினால் எந்த மிஷின் வழியாகப் பூட்டு விழுந்தது என்று பெயரோடு கிடக்கும். உங்களுக்கு அங்கே அனுமதி இல்லையா, இருப்பவரிடம் போய் நில்லுங்கள். எம்.சி.ஏ.வுக்கு வேலை இருந்ததே அங்கேதான் தம்பி, அங்கே போய்ச் சிரித்திருக்கிறீர்கள்!

எங்கள் பெரியப்பா லஸ்கர். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு, உங்கள் ஊர்ப் பாமணியாறும் கோரையாறும் வெண்ணாற்றிலிருந்து பிரிகிற இடம், அங்கே ஷட்டர் ஏற்றி இறக்குகிற வேலை. எட்டாவதோடு படிப்பு நின்றுபோனவர். ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்று பேச்சு வந்தாலே தூக்கம் போய்விடும். கடைமடையிலிருந்து ஆள் வந்து "தண்ணி ஏறலைங்க" என்று நின்றால், மற்றவர்கள் ஷட்டரை இரண்டு திருகு ஏற்றிவிட்டு அனுப்பிவிடுவார்கள். நீங்கள் பதிவான புகாரை முடித்துவைக்கிற மாதிரி, அதுவும் டிக்கெட் குளோஸ்தான். பெரியப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கரையோடு போவார். ஒரு தடவை என்னையும் கேரியரில் உட்காரவைத்துப் போனார். வாய்க்கால் மதகில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது, அதற்கும் அடியில் மீனுக்காக யாரோ செருகிய தென்னை மட்டைத் தட்டி. வேட்டியை அவிழ்த்து என் தலையில் போட்டுவிட்டு இறங்கிப் பிடுங்கினார். ஏறிவந்து ஈரக்கையாலேயே ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, மதகு, காரணம் என்று எழுதினார். காகிதம் ஊறி மை பரவியது, அவர் கவலைப்படவில்லை.

ஐடி சேவைக்கான நடைமுறைத் தொகுப்பான ஐடிஐஎல்லில், இப்படிக் காரணத்தைத் தேடிப் போவதற்கு ப்ராப்ளம் மேனேஜ்மென்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படியொரு நோட்டுப் போடுங்கள். எந்தப் புகார், எத்தனை தடவை, எதனால், எப்படி நின்றது. தினம் இத்தனை டிக்கெட் முடித்தேன் என்று இன்டர்வியூவில் எல்லோரும்தான் சொல்வார்கள், இந்த டிக்கெட் வருவதையே நிறுத்தினேன் என்று சொல்ல உங்களிடம் நாலு கதை இருக்கட்டும்.

ஆனால் நோட்டை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். புதிதாக வந்த ஒரு பொறியாளர் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று பெரியப்பாவிடம் வாங்கிப் போனார், மாற்றலில் அவரோடு அதுவும் போய்விட்டது. பெரியப்பா லஸ்கராகவே ரிட்டயர் ஆனார். பெரியம்மா இன்றைக்கும் அதற்காகத் திட்டிக்கொண்டிருக்கிறார், பெரியப்பாவைத்தான்.