சென்னையில் முதலீட்டுக்கு பிளாட் வாங்குவோர் கேட்டவை

கேள்வி: அக்கா, மேடவாக்கத்தில் ஒரு பிளாட் பிடித்திருக்கிறது. "மூணு பேர் கேட்டுட்டுப் போயிருக்காங்க, இன்னைக்கே டோக்கன் போடுங்க" என்கிறார் புரோக்கர். போடட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. தாய்ப் பத்திரம் (இடம் முன்பு கைமாறிய பழைய பத்திரம்), 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, சிஎம்டிஏ எனும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதி, இவற்றின் நகல் கைக்கு வந்து வக்கீல் பார்க்கும் வரை பணம் கைமாறக் கூடாது. அதற்குள் வேறு ஒருவர் முடித்துவிட்டால் போகட்டும். புதுக் கட்டுமானம் என்றால், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க பில்டருக்கு ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் அனுமதி தரவில்லை.

கேள்வி: புது பிளாட் 80 லட்சம், வாடகை 20,000 வரும். தவணையை வாடகையே கட்டிவிடுமா மேடம்?

பதில்: பாதிகூடக் கட்டாது. வங்கி 80 சதவீதம், அதாவது 64 லட்சம் தரும் என்று வைத்துக்கொள்வோம். எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் தவணை சுமார் 55,500. மாதம் 35,000க்கு மேல் உங்கள் சம்பளத்தில் இருந்துதான் போகும். கையிருப்பாக 16 லட்சம் வேண்டும். அப்புறம் பத்திரச் செலவு. இந்த விலையில் புது பிளாட்டின் முதல் விற்பனைக்கு 7 சதவீதம், மறுவிற்பனைக்கு 9. இதற்கு வங்கிக் கடனை நம்ப வேண்டாம். விலை ஏறும் என்ற ஒரே நம்பிக்கையில் இந்தப் பாரத்தைச் சுமக்க முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

கேள்வி: அசோக் நகரில் ஒரே தெருவில் இரண்டு பிளாட். 30 வருடப் பழசு, 900 சதுர அடி, யூடிஎஸ் 550. புதுசு 1,100 சதுர அடி, யூடிஎஸ் 380. விலை ஏறக்குறைய ஒன்று. எதை வாங்கலாம்?

பதில்: முதலீடு என்றால் நான் பழசைத்தான் சொல்வேன். கட்டடத்தின் மதிப்பு வருடத்துக்கு வருடம் இறங்கும், ஏறுவது மண்ணின் விலைதான். யூடிஎஸ் என்பது அந்த மண்ணில் உங்கள் பங்கு. 2022ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்தபிறகு, உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தாலே இடித்துக் கட்டலாம். முன்பெல்லாம் ஒருவர் முரண்டு பிடித்தாலே வேலை நின்றுவிடும். ஆனால் தெரு அகலமாக இருந்தால்தான் பில்டர் ஆர்வமாக வருவார். இன்னொன்று, எல்லா வீட்டுப் பத்திரங்களிலும் உள்ள யூடிஎஸ்ஸைக் கூட்டிப் பாருங்கள். மனையின் மொத்தப் பரப்போடு ஒத்துப்போக வேண்டும். கூடினால் யாரோ ஒருவருடைய பங்கு வெறும் காகிதம். குறைந்தால் மிச்சம் இன்னும் பழைய பில்டர் பெயரிலோ மனைக்காரர் பெயரிலோ இருக்கலாம். இதைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய கட்டடத்துக்குக் கடன் காலம் குறைவாகத்தான் கிடைக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: கட்டி முடிக்காத பிளாட்டுக்கு ஜிஎஸ்டி எவ்வளவு?

பதில்: 5 சதவீதம். 45 லட்சத்துக்குள், 60 சதுர மீட்டர் கார்பெட் ஏரியாவுக்குள் (வீட்டுக்குள் புழங்கும் பரப்பு) என்றால் 1 சதவீதம். நிறைவுச் சான்று வந்தபின் வாங்கினால் கிடையாது.

கேள்வி: பள்ளிக்கரணைப் பக்கம் விலை குறைவாக இருக்கிறதே?

பதில்: காரணம் இருக்கிறது. அங்குள்ள சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. அதன் ஓரத்தில் அனுமதி வாங்குவதே சிக்கல். எந்தக் கட்டடமானாலும் தரைத்தளத்தில் குடியிருப்பவரிடம், 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.