பாஸ்டியனின் அப்பா – கடிதம்

வணக்கம் அண்ணா,

போன வாரம் 'நெவர் எண்டிங் ஸ்டோரி' படத்தை என் மகனுக்குப் போட்டுக் காட்டினேன். மூன்றாம் வகுப்பு படிக்கிறான். நான் சின்ன வயதில் கேசட்டில் பார்த்த படம். குதிரை சதுப்பில் மூழ்கும் இடத்தில் அழுதுவிடுவானோ என்று பயந்து ஓட்டிவிட்டேன். டிராகன் வந்ததும் ஒரே கொண்டாட்டம். எல்லாம் முடிந்த பிறகு, "அந்தப் பையனை அவங்க அப்பா தேடவே இல்லையா?" என்று சம்பந்தமில்லாமல் ஏதோ கேட்டான். குழந்தைப் படம்தானே, அதெல்லாம் பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். மூல நூலைப் பிறந்தநாளுக்கு வாங்கித் தரலாமா? எந்த வயதுக்குப் பொருந்தும்? படத்தைவிட நன்றாக இருக்குமா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

நூல் நன்றாக இருக்குமா என்ற கேள்விக்கு ஒரே வரிதான். இருக்கும், வாங்குங்கள். வயதுக் கணக்கை விடுங்கள். நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த இன்னொரு வரிக்குத்தான் இந்தப் பதில்.

உங்கள் மகன் கேட்டதில் சம்பந்தமில்லாதது எது? படத்தின் தொடக்கத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். காலை உணவு நேரம். அம்மா இறந்துபோன வீடு. அப்பா மிக்ஸியில் ஆரஞ்சுச் சாற்றோடு பச்சை முட்டையை உடைத்து ஊற்றிக்கொண்டே, கனவு காண்பதை நிறுத்து என்று மகன் பாஸ்டியனுக்குப் புத்தி சொல்கிறார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த மனிதர் படத்தில் வரவே இல்லை. பையன் டிராகன் மேல் ஏறி, தன்னை அடித்த பயல்களைத் துரத்துகிறான், படம் முடிகிறது. ஆக, அப்பாவை மறந்தது படம். மறக்காமல் கேட்டவன் மூன்றாம் வகுப்புப் பையன். அவனிடம் போய் "அதெல்லாம் பார்க்கக்கூடாது" என்றிருக்கிறீர்கள். கே., குழந்தை வாயிலிருந்து இப்படி ஒரு கேள்வி தினமும் வராது.

ஜெர்மன் எழுத்தாளர் மிஹாயேல் எண்டே அந்த நாவலை 1979இல் வெளியிட்டார். வோல்ஃப்காங் பீட்டர்சன் மியூனிக்கின் பவாரியா ஸ்டூடியோவில் எடுத்த அதன் படம் 1984இல் வெளிவந்தது. சுமார் 6 கோடி ஜெர்மன் மார்க் செலவு. மேற்கு ஜெர்மனியில் அதுவரை ஒரு படத்துக்கு அவ்வளவு கொட்டியதில்லை. எண்டே அதைப் பார்த்துக் கொதித்துப்போனார். தன் பெயரை எடுக்கச் சொன்னார், வழக்குப் போட்டார், தோற்றார். எழுத்தாளனுக்கு ரோஷம் அதிகம் என்று பலரும் நினைத்துக்கொண்டார்கள். பீட்டர்சன் கெட்ட இயக்குநர் இல்லை. அந்தச் சதுப்பையும் குதிரையையும் எடுத்தவர் கைதேர்ந்தவர்தான். ஆனால் அவர் எடுத்தது நாவலின் முதல் பாதியை மட்டும்.

இரண்டாம் பாதியில்தான் கதையே இருக்கிறது. பாஸ்டியன், தான் படிக்கும் கதைப் புத்தகத்தின் கற்பனை உலகுக்குள்ளேயே போய்விடுகிறான். என்ன ஆசைப்பட்டாலும் நடக்கும். ஆனால் ஒவ்வொரு ஆசைக்கும் ஒரு நினைவு போய்விடும். நாவலில் அவன் குண்டுப் பையன். அழகனாக வேண்டும் என்று ஆசைப்படுகிறான், ஆகிறான், தான் குண்டாக இருந்ததே மறந்துபோகிறது. (படத்திலோ முதலிலேயே ஒல்லிப் பையனைப் போட்டுவிட்டார்கள்.) இப்படியே வீரம், புகழ் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, பெயர் மட்டும்தான் மிச்சம்.

அப்போதுதான் யோர் என்ற கண் தெரியாத சுரங்கத் தொழிலாளியிடம் வந்து சேர்கிறான். மனிதர்கள் மறந்துபோன கனவுகளெல்லாம் மெல்லிய படத் தகடுகளாகப் பூமிக்கடியில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. பாஸ்டியன் நாள் கணக்கில் இருட்டில் படுத்துக் கிடந்து, தகடு உடையாமல் தடவித் தடவி எடுக்கிறான். ஒருநாள் ஒரு படம் கிடைக்கிறது. வெள்ளை அங்கி போட்ட ஒரு மனிதர், கையில் பற்களின் பிளாஸ்டர் அச்சு, சுற்றிலும் பனிக்கட்டி. உள்ளே உறைந்து நிற்கிறார். பல் செட் செய்யும் அவன் அப்பா. பையனுக்கு அது யாரென்று தெரியவில்லை, ஆனால் ஏக்கம் தாங்கவில்லை.

போன மாதம் பழைய வீட்டைக் காலி செய்தபோது என் அப்பாவின் லென்ஸ் கிடைத்தது. இதை எழுதும்போதும் மேசைமேல்தான் இருக்கிறது. அவர் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்தவர். எனக்குப் பதினோரு வயதில் அம்மா இறந்தாள். அதற்குப் பிறகு கடை வேலையை அப்பா வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார். பிரித்துப் போட்ட கடிகாரங்களில் தூசி படாமல் கண்ணாடி டம்ளர்களைக் கவிழ்த்து வைத்திருப்பார். பரீட்சைக்குப் பணம் கேட்டால் கண்ணிலிருந்து லென்ஸைக் கழற்றாமலே சட்டைப் பைக்குள் கைவிட்டு எடுத்து நீட்டுவார். எவ்வளவு என்று பார்க்க மாட்டார். மீதியைத் திருப்பி வைத்தால் அதையும் பார்க்க மாட்டார். அம்மா போனதில் இவருக்குத் துக்கமே இல்லை என்று முடிவு கட்டினேன். இருபது வருடம் அந்தக் கோபத்தோடு இருந்தேன்.

யோரின் சுரங்கத்தைப் படித்தது அதற்குப் பிறகுதான். ஒரே ராத்திரி. புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். அப்பா வேலையில் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா கத்தரிக்காய்க் கொத்சுக்கு என்னவெல்லாம் போடுவாள் என்று கேட்டேன். அவர் லென்ஸைக் கழற்றிக் கீழே வைத்தார்.

நாவலின் முடிவில் பாஸ்டியன் அப்பாவுக்காக வாழ்வின் நீரைக் கொண்டுவரப் பார்க்கிறான். வழியிலேயே அது போய்விடுகிறது. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, நடந்ததையெல்லாம் அப்பாவிடம் சொல்கிறான். கேட்டு முடித்த அப்பாவின் கண்ணில் நீர். கொண்டுவந்துவிட்டோம் என்று அவனுக்கு அப்போது புரிகிறது. அந்த அப்பா முந்தின நாளிலிருந்து மகனைத் தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இதை இன்றைக்கே உங்கள் மகனிடம் சொல்லுங்கள். "ஆமாம்டா, தேடினார்" என்று.

அப்புறம், மனித உலகம் ஒரு நிறத்திலும் கற்பனை உலகம் இன்னொரு நிறத்திலும் அச்சான பதிப்பாகத் தேடி வாங்குங்கள். எண்டே கேட்டு வாங்கிய அச்சு அது. நாவலில் அந்தக் குதிரை பேசும். என்னை விட்டுவிட்டுப் போ என்று அதன் சொந்தக்காரச் சிறுவன் அட்ரேயுவிடம் சொல்லும். தாண்டிவிடாதீர்கள், அவன் அழட்டும். மற்றதை அவனே எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும். யோரின் சுரங்கம் வரும் இருபத்தைந்தாம் அத்தியாயத்தை மட்டும், ஃபோனை வேறு அறையில் வைத்துவிட்டு, நீங்கள் அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள்.