ஜெர்மன் குடியுரிமை வாங்கினால் நான் இந்தியன் இல்லையா?

கேள்வி: 2010 ஜனவரியில் வேலைக்காக ஜெர்மனி வந்தேன். நிரந்தர வசிப்பு அனுமதி இருக்கிறது. மனைவிக்கும் இங்கேதான் வேலை. 2016-ல் மகள் இங்கே பிறந்தாள். சில மாதங்களிலேயே இந்தியத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்து இந்தியப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டோம். 2024-ல் ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை அனுமதித்துவிட்டது, அதனால் இந்தியக் குடியுரிமையை விடாமலே ஜெர்மன் குடியுரிமை வாங்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். விண்ணப்பத்தை நிரப்பி வைத்துவிட்டு அனுப்ப மனம் வராமல் இருக்கிறேன். அப்பாவோ, "அப்ப நீ வெளிநாட்டுக்காரன் ஆயிடுவியா? நஞ்சையை உன் பேருக்கு எழுதலாம்னு இருந்தேனே" என்கிறார். எனக்கும் ஏதோ துரோகம் செய்வது போல இருக்கிறது. ஓசிஐ (Overseas Citizen of India, 'வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்') அட்டை வாங்கிவிட்டால் இந்தியக் குடிமகனாகவே தொடரலாம் அல்லவா?

பதில்: உங்கள் நண்பர்கள் சொன்னதில் பாதிதான் சரி. 2024 ஜூன் 27 முதல் ஜெர்மனி, தன் குடியுரிமை கேட்பவரிடம் பழைய குடியுரிமையை விட்டுவிட்டு வா என்று கேட்பதில்லை. ஆனால் அது ஜெர்மனி தன் பக்கத்துக் கதவைத் திறந்தது மட்டுமே. இந்தியாவின் பக்கத்தில் எதுவும் மாறவில்லை. குடியுரிமைச் சட்டம், 1955-ன் 9-ஆம் பிரிவு இன்றும் அப்படியே இருக்கிறது: ஒருவர் தானாக முன்வந்து வேறு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால், பெற்ற அக்கணமே இந்தியக் குடியுரிமை முடிந்துவிடும்.

'அக்கணமே' என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். இந்தியாவை விட்டு விலகுகிறேன் என்று நீங்கள் எங்கேயும் கையெழுத்துப் போட மாட்டீர்கள். ஜெர்மன் அலுவலகத்தில் அவர்களுடைய அரசமைப்புச் சட்டத்தை மதிப்பேன் என்று உறுதிமொழி சொல்வீர்கள், குடியுரிமைச் சான்றிதழைக் கையில் கொடுப்பார்கள், புகைப்படம் எடுத்துக்கொள்வீர்கள். சான்றிதழ் கைமாறியதும் நீங்கள் ஜெர்மன் குடிமகன். சட்டைப்பையில் இருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு வருடம் செல்லும் என்று அச்சிட்டிருந்தாலும், அந்த நிமிடத்திலிருந்து அதற்கு உயிர் இல்லை. யாரும் வந்து சொல்ல மாட்டார்கள், கடிதமும் வராது. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். "பழைய பாஸ்போர்ட் இருக்கிறதே, விசா செலவு மிச்சம்" என்று அதிலேயே ஊருக்கு வந்துவிடுகிறார்கள். பாஸ்போர்ட் சட்டம், 1967-ன்படி அது குற்றம். பின்னால் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கப் போகும்போது அபராதமும் கட்ட வேண்டியிருக்கும்.

துரோகம் என்று எழுதியிருந்தீர்கள். இந்தியக் குடியுரிமைச் சட்டம் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்குவதைக் குற்றமாகப் பார்க்கவில்லை. அதற்குத் தண்டனையும் இல்லை. மாறியதை மறைத்தால்தான் வம்பு. 2022-ல் மட்டும் 2 லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் குடியுரிமையை விட்டதாக மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் மனத்தளவில் இந்தியாவை விட்டார்கள் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. நீங்கள் எந்த மொழியில் கனவு காண்கிறீர்கள், கிரிக்கெட்டில் யார் பக்கம் என்பதெல்லாம் உங்கள் சொந்த விஷயம். எந்த அரசுக்கு நீங்கள் குடிமகன், எந்த அரசு உங்களுக்காகப் பொறுப்பேற்கும் என்ற ஒரு கேள்விக்குத்தான் குடியுரிமைச் சட்டம் பதில் சொல்கிறது. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுக்கொண்டு நிற்பதால்தான் விண்ணப்பம் மேஜையை விட்டு நகரவில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்து ஓசிஐ. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது குடியுரிமை ஆகாது. ஆயுள் முழுக்க இந்தியா வந்து போகவும், வேலை பார்க்கவும், எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கவும் வெளிநாட்டவருக்குத் தரப்படும் அனுமதி, அவ்வளவுதான். வாக்களிக்க முடியாது, தேர்தலில் நிற்க முடியாது, பொதுவாக அரசு வேலைக்குப் போக முடியாது. பத்திரிகைப் பணி, ஆராய்ச்சி, மதப் பிரசாரம், மலையேற்றம் போன்றவற்றுக்கு முன்கூட்டியே தனி அனுமதி வாங்க வேண்டும் என்கிறது 2021 மார்ச் 4 அறிவிக்கை. சில காரணங்களுக்காக அரசு அந்த அட்டையை ரத்தும் செய்யலாம். அதற்கு முன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் காரணங்களில் ஒன்று, இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை பெறுவது. சாதாரணமாக வாழ்பவருக்கு இதில் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு குடிமகனை இப்படி வெளியே அனுப்ப முடியாது, ஓசிஐ அட்டைதாரரை அனுப்பலாம். இந்த வித்தியாசம் தெரிந்தே வாங்குங்கள்.

வாக்குரிமையை இழப்பது உறுத்துகிறது என்றால் ஒன்று கேட்கிறேன். இப்போது உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. 2010-ல் செய்த திருத்தத்தின்படி வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகன் படிவம் 6ஏ கொடுத்து வாக்காளராகப் பதிவு செய்யலாம். ஆனால் வாக்குப்பதிவு அன்று வாக்குச்சாவடிக்கு நேரில் வந்துதான் ஆக வேண்டும். நீங்கள் பதிவு செய்திருக்கிறீர்களா? செய்திருந்து வந்து போட்டவர் என்றால் இழப்பு நிஜமானது. இல்லையென்றால் இந்த முடிவில் அதற்கு அவ்வளவு எடை தராதீர்கள். இந்தியாவிலும் போடாமல் ஜெர்மனியிலும் போட உரிமை இல்லாமல் பதினைந்து வருடத்துக்கு மேலாக வரி மட்டும் கட்டிக்கொண்டிருப்பதும் ஒரு இழப்புதான்.

அப்பாவின் நஞ்சை விஷயத்தில் மட்டும் அவசரமாக ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பாஸ்போர்ட் முக்கியமே இல்லை. அந்நியச் செலாவணி விதிகளின்படி, வெளிநாட்டில் வசிப்பவர் இந்தியக் குடிமகனாக இருந்தாலும் ஓசிஐ அட்டைதாரராக இருந்தாலும், விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது. தானமாகவும் பெற முடியாது. ஆகவே அப்பா இன்று செட்டில்மென்ட் பத்திரம் எழுதினாலே சிக்கல். நீங்கள் ஜெர்மன் குடிமகன் ஆகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வாரிசுரிமையாக வருவதற்குத் தடை இல்லை, இரு நிலையிலும். அப்பாவிடம் செட்டில்மென்ட் வேண்டாம், உயில் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள் என்று சொல்லுங்கள். பின்னாளில் அந்த நிலத்தை விற்க நேர்ந்தால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கு விற்கலாம்.

மகள் விஷயத்தில்தான் நான் நிதானிக்கச் சொல்வேன். நீங்கள் இருவரும் விண்ணப்பிக்கும்போது அவளையும் சேர்த்துவிடுவது அங்கே வழக்கம், கட்டணமும் குறைவு. ஆனால் ஜெர்மன் குடியுரிமை கிடைத்ததும் இந்திய அரசு அவளையும் குடியுரிமை இழந்தவளாகவே கருதும். "பெரியவளானதும் வேண்டுமானால் திரும்ப வாங்கிக்கொள்வாள்" என்று சிலர் சொல்வார்கள். 8-ஆம் பிரிவில் அப்படி ஒரு வசதி இருப்பது உண்மை: பெற்றோர் குடியுரிமையைத் துறந்ததால் இழந்த பிள்ளை, 18 வயது ஆனதும் ஓராண்டுக்குள் அறிவிப்பு கொடுத்து மீட்கலாம். ஆனால் 2024 அக்டோபரில், சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற பெற்றோரின் மகன் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. முறைப்படி அறிவித்துத் துறந்தவர்களின் பிள்ளைகளுக்கே அந்த வசதி. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியதால் 9-ஆம் பிரிவின் கீழ் தானாக இழந்தவர்களின் பிள்ளைகளுக்கு அது கிடையாது. சென்னை உயர் நீதிமன்றம் முதலில் அந்த இளைஞருக்குச் சாதகமாகத்தான் தீர்ப்பளித்திருந்தது. இன்னொன்று, இந்தியாவில் மருத்துவம் போன்ற படிப்புகளில் நீட் வழியாகச் சேர நினைத்தால், ஓசிஐ பிள்ளைக்கு என்ஆர்ஐ ஒதுக்கீட்டு இடமோ, வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் கூடுதலாக ஏற்படுத்தும் இடமோ மட்டுமே. அவளுக்கு அந்த எண்ணம் வருமா என்று இப்போது யாருக்கும் தெரியாது. அதனால்தான் அவளை விட்டுவைக்கலாமே என்கிறேன். பிறகு அவளே விண்ணப்பித்துக்கொள்ளலாம்.

சரி, நீங்கள் என்ன செய்வது? முதலில் ஒரு விஷயத்தை ஜெர்மன் வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். நிரந்தர வசிப்பு அனுமதி இருப்பவர் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் பொதுவாக அது காலாவதி ஆகும். ஆனால் 15 ஆண்டுகள் சட்டப்படி அங்கே வசித்து, வாழ்க்கைச் செலவுக்கு உறுதியான வருமானமும் இருப்பவருக்கு அந்த விதி பொருந்தாது. நீங்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஓராண்டு வந்து தங்க வேண்டியிருக்குமே என்ற பயத்தில்தான் குடியுரிமை கேட்கிறீர்கள் என்றால், வெளிநாட்டவர் அலுவலகத்தில் இதற்கு ஒரு சான்று வாங்கினாலே போதும். குடியுரிமையே தேவைப்படாமல் போகலாம்.

அதைத் தாண்டியும், அங்கேயே வாக்களித்து, எந்த ஐரோப்பிய ஒன்றிய நாட்டிலும் வேலை பார்த்து வாழப்போகிறோம் என்ற தெளிவு இருந்தால் வாங்குங்கள். என்னிடம் சட்ட ஆலோசனைக்கு வரும் பல தம்பதிகள் செய்வது போல ஒருவர் மட்டும் முதலில் வாங்கலாம். வீட்டில் இரண்டு பாஸ்போர்ட்டும் இருக்கும். எனக்கு அது பிடித்த வழி. திரும்பி வர மனம் மாறினாலும் கதவு முழுக்க மூடிவிடாது: ஓசிஐயாகப் பதிவாகி ஐந்து ஆண்டுகள் ஆகி, விண்ணப்பத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்கள் இந்தியாவில் வசித்திருந்தால், 5-ஆம் பிரிவின் கீழ் மீண்டும் குடியுரிமை கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பம், ஜெர்மன் குடியுரிமையையும் விட வேண்டும்.

வாங்குவதென்று முடிவானால் வரிசை முக்கியம். சான்றிதழ் வந்ததும் ஜெர்மன் பாஸ்போர்ட், உடனே இந்தியப் பாஸ்போர்ட்டைத் துணைத் தூதரகத்தில் ஒப்படைத்து அதற்கான சான்று, அப்புறம்தான் ஓசிஐ விண்ணப்பம். இடையில் சில வாரங்களோ மாதங்களோ உங்களிடம் இந்தியாவுக்கு வர எந்த ஆவணமும் இருக்காது. அவசரம் என்றால் விசா எடுத்துத்தான் வர வேண்டும். அப்பாவுக்கு அறுவை சிகிச்சை, வீட்டில் கல்யாணம் என்று ஏதாவது தேதி குறித்திருந்தால், அதை முடித்துக்கொண்டு போய்ச் சான்றிதழை வாங்குங்கள்.