மாமா சொல்லும் கோர்ஸுக்காக நகையை அடகு வைக்காதீர்கள்

ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் உயர்தரம் கணிதப் பிரிவு. பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி பொறியியல் பீடத்துக்குக் காணாது. பேராதனை விஞ்ஞான பீடத்தில் பௌதிக விஞ்ஞானம் கிடைக்கும் போலிருக்கிறது. "பிசிக்ஸ் படிச்சு என்ன செய்யப் போறா?" என்கிறார் கொழும்பிலுள்ள தாய்மாமன். தனியார் நிறுவனமொன்றில் சொப்ட்வெயார் டிகிரிக்கு முற்பணம் கட்டச் சொல்லி நெருக்குகிறாராம். மகளோ பௌதிகவியலையும் விடமாட்டாள், புரோகிராமிங்கையும் விடமாட்டாள்.

அம்மா, உங்கள் பயம் விளங்குகிறது. ஆனால் நகையைத் தொடாதீர்கள். கட்டணமில்லாத அரச பல்கலைக்கழக இடம் கைக்கெட்டும்போது லட்சக்கணக்கில் கடன்படுவது மகளுக்காக அல்ல, சொந்தக்காரர் வாய்க்காக.

டொக்டர், இன்ஜினியர், எக்கவுண்டன் பற்றி ஊரே சொல்லும். யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன்: இலத்திரன் போன்ற, ஒன்றையொன்று பாதிக்கும் பல நுண்துணிக்கைகள் கொண்ட குவாண்டம் தொகுதிகளைக் கணினியில் உருவகப்படுத்தும் துறை. உங்கள் மகள் விடமாட்டேன் என்கிற இரண்டும் அங்கே ஒரே வேலை.

சில பொருட்கள் கடுங்குளிரில் தடையே இல்லாமல் மின்னைக் கடத்துகின்றன. காந்தம் காந்தமாக இருக்கிறது. காரணம் இலத்திரன்களின் கூட்டு நடத்தை. அதற்கான சமன்பாட்டைப் பௌதிகவியலாளர் ஷ்ரோடிங்கர் 1926 இலேயே எழுதிவிட்டார், தீர்ப்பதுதான் பெரும்பாடு. மேல், கீழ் என இரண்டே நிலையுள்ள 30 துணிக்கைகளின் நிலையை முழுதாக எழுத 107 கோடி எண்கள், சுமார் 17 ஜிபி நினைவகம் வேண்டும். ஒரு துணிக்கை கூடினால் அது இரட்டிப்பு. 40 என்றால் 17,000 ஜிபிக்கும் மேல். இந்தப் போக்கில் எந்த சுப்பர் கம்பியூட்டரும் களைத்துவிடும். ஆகவே எதை விட்டுவிட்டால் விடை கெடாது என்று கண்டுபிடிப்பதே இத்துறையின் மூளைவேலை. பௌதிகவியலாளர் வோல்ட்டர் கோனும் கூட்டாளிகளும் 1964-65 இல் இலத்திரன்களைத் தனித்தனியே துரத்தாமல் அவற்றின் அடர்த்தியை வைத்தே கணிக்க வழிகாட்டினார்கள். 1998 இல் கோனுக்கு நோபல் கிடைத்தது, அதுவும் இரசாயனவியலுக்கு! ஒரே வரிசையில் நிற்கும் துணிக்கைகளுக்கு மிகத் துல்லியமான முறையொன்றை ஸ்டீவன் வைட் 1992 இல் தந்தார். எழுந்தமானமாக மாதிரிகள் எடுத்துக் கணிக்கும் மொன்டே கார்லோ முறையோ இலத்திரன்களிடம் வந்ததும் பல வேளைகளில் கூட்டல் கழித்தல் குறிகளில் சிக்கிக்கொள்கிறது. அதற்குப் பொதுத் தீர்வு இன்னும் இல்லை. ஆராய்ச்சிக்கு ஆள் தேவைப்படுவதும் அதனால்தான்.

வழி இதுதான்: பேராதனையில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம், கூடவே கணிதமும் கணினியும். மகாபொல உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். பிறகு, பாகிஸ்தான் பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம் 1964 இல் இத்தாலியின் திரியெஸ்தேயில் தொடங்கிய சர்வதேச கோட்பாட்டுப் பௌதிகவியல் மையம் நம்மைப் போன்ற நாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வருட டிப்ளோமா நடத்துகிறது. தெரிவானால் படிப்புச் செலவு அவர்களுடையது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் பௌதிகவியல் பிஎச்டி மாணவருக்குப் பெரும்பாலும் உதவித்தொகை தருகின்றன. சொந்தக் காசில் வெளிநாட்டு மாஸ்டர்ஸ் என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

பாதை நீளம், பத்து வருடம் பிடிக்கலாம். இலங்கையில் இந்தப் பெயரில் வேலை விளம்பரம் பார்ப்பது அபூர்வம். அதை மறைத்து உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை. ஆனால் பைதன், சி++ எனும் கணினி மொழிகள், லினக்ஸ், நேரியல் அட்சரகணிதம் எல்லாம் இதில் கைவசமாகும். பாதியில் மனம் மாறினால் மாமா சொல்லும் சொப்ட்வெயார் வேலைக்கே போகலாம், கடனில்லாமல்.

முற்பணம் கட்டும் முன், பழைய லப்டொப் ஒன்றில் இலவச பைதனைப் போட்டுக் கொடுங்கள். 10 காந்தத் துணிக்கைகள் கொண்ட சங்கிலியின் மிகக் குறைந்த சக்தியைக் கணிக்கட்டும். பிறகு 12, 14. கணக்குக்குரிய எண் அட்டவணையை, அதாவது தாயத்தை (மேட்ரிக்ஸ்), முழுதாக எழுதினால் 14 இலேயே 2 ஜிபி போய்விடும். 16 இல் 34 ஜிபி கேட்டு மெசின் படுத்துவிடும். அதில் நிறைந்திருக்கும் பூச்சியங்களைச் சேமிக்காமல் எழுதினால் 20 வரைகூடப் போகலாம் என்பதை அவளே தேடிப் பிடிக்கிறாளா என்று பாருங்கள். பிடித்தால் பேராதனை. ஒரு வாரத்தில் சலித்துப்போனால் என் பேச்சையும் மாமா பேச்சையும் ஒதுக்கிவிட்டு, அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளிடமே கேளுங்கள்.