நோர்வேயின் வட கோடி நோர்ட்காப்பில் கடலோரத்துச் செங்குத்துப் பாறையைத் தவிரப் பார்க்க ஒன்றும் இல்லை என்கிறார்களே, அவ்வளவு தூரம் போவது வீண்தானா?

வீண் இல்லை. ஆனால் நீங்கள் கேள்விக்குக் கீழே விளக்கமாக எழுதியிருக்கிற திட்டப்படி, அதாவது கப்பலில் வந்து இறங்கி, பஸ்ஸில் ஏறி, பாறையைப் பார்த்து, படம் எடுத்து, அன்றைக்கே திரும்புவது என்றால், வீண்தான். காசை வைத்துக்கொண்டு பேர்கனில் இன்னும் இரண்டு நாள் இருங்கள்.

எனக்கு முன்னால் பதில் எழுதியவர்கள் "ஒரு இரும்பு உருண்டை, ஒரு கடை, மிச்சமெல்லாம் மூடுபனி" என்று எழுதியிருப்பதைப் (பாறைக்கு மேலே நிற்கிற உலக உருண்டைச் சின்னத்தைத்தான் சொல்கிறார்கள்) பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது அவ்வளவுதான். நான் அந்த ஊரில் மீன் பக்டரியில் வேலை செய்து வாழ்ந்தவன், ஒஸ்லோவுக்கு வந்தது பிறகு. ஆகவே பாரபட்சம் இருக்கும், அதை முதலே சொல்லிவிடுகிறேன். சுற்றுலா நிறுவனம் எதிலும் எனக்குப் பங்கு இல்லை. லொஃபோட்டன் தீவுகள் இதைவிட வடிவு என்று யாராவது கீழே வந்து எழுதுவார்கள். வடிவுதான், யார் இல்லை என்றது?

முதலில் ஒன்று. நோர்ட்காப் என்பது பாறையின் பெயர் மட்டும் இல்லை, ஒரு கொம்யூனவின் பெயரும் அதுதான் (நம்முடைய பிரதேச சபை மாதிரியான உள்ளூராட்சி). மாகெரோயா என்ற தீவு முழுவதும், அதற்குத் தெற்கே போர்சாங்கர் ஃபியோர்டின் (நிலத்துக்குள் நீளமாக நுழைகிற கடல்) கரையோரத் தலைநிலத்தில், அதாவது தீவு அல்லாத பெருநிலத்தில், ஒரு பகுதியும் அதற்குள் வரும். மொத்தச் சனம் சுமார் 3,000 பேர். அதில் பெரும்பகுதி ஹொன்னிங்ஸ்வோக்கில். 1996 இல்தான் அதற்கு நகரம் என்ற அந்தஸ்து கொடுத்தார்கள். மிச்சப் பேர் ஸ்கார்ஸ்வோக், யெஸ்வேர், காமோய்வேர், நூர்வோகன், தலைநிலத்தில் ரெப்வோக் என்று சிறு சிறு மீனவக் கிராமங்களில். நீங்கள் பார்க்கப்போகும் பாறையில் ஒருவரும் குடியில்லை. ஆள் வாழாத இடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றால் எப்படி?

பாறையைக் குறைத்துச் சொல்லவும் மாட்டேன். கடலில் இருந்து 307 மீட்டர் நேர் உயரம். 1553 இல் கிழக்கே சீனாவுக்கு வழி தேடிப் போன ஆங்கிலேயர் ரிச்சர்ட் சான்சிலர் வைத்த பெயர் அது. 1873 இல் இரண்டாம் ஒஸ்கார் அரசர் வந்தார், 1907 இல் சியாம் (இன்றைய தாய்லாந்து) அரசர் சூலலங்கோர்ன் வந்தார். அதனால்தான் ஐரோப்பாவின் வட கோடியில், நிலத்துக்கு அடியில் ஒரு தாய்லாந்து அருங்காட்சியகம் இருக்கிறது, பார்க்கிறவர்கள் எல்லாம் முழிப்பார்கள். 1956 இல் தெரு வரும்வரை எல்லோரும் ஹோர்ன்வீக்கா என்ற சிறு குடாவில் கப்பலால் இறங்கி, அந்தச் செங்குத்தில் மேலே ஏறினார்கள், அரசர்கள் உட்பட. இப்போது பஸ் கதவு திறந்தால் உருண்டை.

ஆனால் ஐரோப்பாவின் வட நுனி என்று சொல்லி விற்கிறார்களே, அதுகூடச் சரியில்லை. பக்கத்தில் க்னீவ்ஷெல்லொட்டன் என்று தாழ்வாக, உயரமே இல்லாமல் ஒரு முனை இருக்கிறது, அது இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் அளவு வடக்கே போகிறது. தெருவில் காரை விட்டுவிட்டுப் போக 9 கிலோமீட்டர், வர 9 கிலோமீட்டர் நடை. கல், சேறு, காற்று. அங்கே நின்றுதான் பாறையை முழுதாகப் பார்க்கலாம், ஏனென்றால் பாறைக்கு மேலே நின்றால் பாறை தெரியாது. சரி, இரண்டும் தீவில்தானே, தலைநிலத்தின் வட நுனி கிழக்கே நூர்ஷின் குடாநாட்டில் இருக்கிறது என்று ஒருவர் திருத்த வருவார். தெரியும்.

நடக்க இவ்வளவு முடியாதென்றால் ஸ்கார்ஸ்வோக் போங்கள். உலகின் வட கோடி மீனவக் கிராமம் நாங்கள்தான் என்று சொல்லிக்கொள்வார்கள். ஊரிலிருந்து கொஞ்ச நேர நடையில் ஷிர்க்கெபோர்ட்டன் என்று கடலை நோக்கி ஒரு கல் வளைவு. அதற்குள்ளால் பார்த்தால் தூரத்தில் பாறையும் அதன் பக்கவாட்டில் துருத்துகிற கொம்பும் தெரியும். கட்டணம் இல்லை, வரிசை இல்லை, கடை இல்லை. யெஸ்வேர் மேற்குப் பக்கம். பழைய சாகாக்களிலேயே, அதாவது வைக்கிங் காலத்து வீரக் கதைகளிலேயே, பெயர் வருகிற ஊர். அதற்கு முன்னால் கடலில் யெஸ்வேர்ஸ்தாப்பன் என்று சில தீவுகள், பறவைச் சரணாலயம், கோடையில் படகில் கூட்டிப்போவார்கள். பஃபின் என்ற கடற்பறவை கூட்டம் கூட்டமாக இருக்கும், மேலே கடற்கழுகு சுற்றும். ஆகஸ்ட் தொடங்கினால் பஃபின் கிளம்பிவிடும், பிறகு போய்விட்டு என்னைத் திட்டக்கூடாது.

ஹொன்னிங்ஸ்வோக்கில் கப்பல் நிற்கும் நேரத்தில் எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். அந்தத் துறைமுகத்துக்கு மேலே ஒரு வெள்ளை மரத் தேவாலயம் நிற்கிறது, 1885 இல் கட்டியது. 1944 இலையுதிர் காலத்தில் ஜெர்மன் படை பின்வாங்கும்போது ஃபின்மார்க் என்ற இந்த வட கோடி மாவட்டத்தைக் கிட்டத்தட்ட முழுவதும் எரித்துவிட்டுப் போனது, வீடு, படகு, மீன் காயப்போடும் தடி, ஒன்றும் விடவில்லை. சனத்தைக் கட்டாயமாகத் தெற்கே ஏற்றினார்கள். இந்த ஊரில் மிஞ்சியது அந்தத் தேவாலயம் மட்டும். போர் முடிந்து திரும்பி வந்தவர்கள் முதலில் தங்கியது அதற்குள்தான். பக்டரியில் எங்களுக்கு வேலை பழக்கிய மூத்த பெண்கள் சிலர் குழந்தையாக இருந்தபோது அந்த ஓட்டத்தில் போனவர்கள். நாங்கள் எங்கள் ஊர் எரிந்த கதையைச் சொன்னால் "ஐயோ பாவம்" என்று சொல்லமாட்டார்கள். எந்த மாதம், எதை எடுத்துக்கொண்டு ஓடினீர்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை ஒஸ்லோவில் என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை.

தமிழர் எப்படி அங்கே போனோம் என்று தெரியாதவர்களுக்கு: எண்பதுகளில் நிறையப் பெடியள் நோர்வேயின் நாட்டார் உயர்பள்ளிகளில் (பரீட்சை இல்லாமல் தங்கிப் படிக்கிற பள்ளிகள்) படிக்கிற விசாவில் வந்தோம். படிப்பு முடிந்ததும் வேலை வேண்டும். வட கோடி மீன் பக்டரிகளில் ஆள் கிடைக்காது, ஊர்ப் பிள்ளைகள் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள். அப்படித்தான் ஃபின்மார்க் கரையோரத்தில் பல ஊர்களில் தமிழ்க் குடும்பம் வந்தது. மீன் வெட்டிய பிறகு லைட் மேசையில் வைத்து, கீழிருந்து வெளிச்சம் அடிக்க, சதைக்குள் சுருண்டு கிடக்கிற புழுவையும் மிஞ்சிய முள்ளையும் எடுக்க வேண்டும். எவ்வளவு வெட்டுகிறோமோ அவ்வளவு காசு என்று ஒரு கணக்கு. கையுறைக்கு மேல் கையுறை, காதில் அடைப்பு, முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து. ஏப்ரல், மே மாதங்களில் தோர்ஸ்க், அதாவது கொட் மீன், சிறு மீனைத் துரத்திக்கொண்டு கரைக்கு வரும், அப்போது நித்திரை கிடையாது. நவம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து ஜனவரி மூன்றாம் வாரம்வரை சூரியன் எழும்பாது. மத்தியானத்தில் நீல நிறமாகக் கொஞ்சம் வெளிக்கும், அதைப் பார்க்கத் தேநீர் இடைவேளையில் வெளியே வந்து நிற்போம். மீன் தலைகளைப் பக்டரியில் சும்மா தருவார்கள். குழம்பு வைத்தால் மாடிப்படி முழுக்க மணக்கும், பக்கத்து வீட்டுக் கிழவர் முதலில் முறைப்பாடு சொன்னார், பிறகு கிண்ணத்தோடு வந்தார்.

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். ஒஸ்லோவில் கல்யாண மண்டபங்களில் ஒரு புதுப் பழக்கம். "நீங்கள் எந்த ஆண்டு நோர்வே வந்தீர்கள்" என்று கேட்டால் வந்த ஆண்டைச் சொல்வார்கள், அடுத்தது நேராக ஒஸ்லோ வீடு வாங்கிய கதை. நடுவில் வடக்கே மீன் வெட்டிய காலம் காணாமல் போய்விடும். என்னோடு ஒரே மேசையில் புழு பொறுக்கிய ஒருவர், மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் "நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை" என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை, அவருடைய மகளின் கல்யாணம். ஆனால் அந்தக் காசில்தானே தங்கச்சிமாரைக் கட்டிக்கொடுத்தோம், தம்பிமாரைக் கூப்பிட்டோம்? அங்கே பிறந்த பிள்ளைகள் வடக்கத்திய நோர்வேஜிய உச்சரிப்பில் பேசினால் இங்கே சில தமிழ்த் தாய்மார் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

கேள்விக்கு வருகிறேன். தண்ணீர் வழிகளையும் பாருங்கள். தீவுக்கும் தலைநிலத்துக்கும் நடுவில் இருப்பது மாகெரோய்சுந்து நீரிணை. நான் இருந்த காலத்தில் கோஃபியோர் என்ற இடத்திலிருந்து வாகனப் படகு, கடைசிப் படகைத் தவறவிட்டால் காருக்குள் படுக்கை. 1999 இல் கடலுக்கு அடியால் சுரங்கம் திறந்தார்கள், கிட்டத்தட்ட 6.9 கிலோமீட்டர் நீளம், ஆழமான இடம் கடல்மட்டத்துக்கு 212 மீட்டர் கீழே. இறக்கம் வயிற்றைப் பிடிக்கும். 2012 முதல் சுரங்கத்துக்குக் காசு இல்லை. சாமி என்ற வடபுலப் பழங்குடியினரின் கலைமான்கள் கோடையில் தீவில் மேய்ந்துவிட்டு இலையுதிர் காலத்தில் அந்த நீரிணையை நீந்தித்தான் தெற்கே திரும்புகின்றன, அவற்றுக்குச் சுரங்கம் தேவையில்லை. கோடையில் தெருவின் நடுவில் நிற்கும், ஹோர்ன் அடித்தால் உங்களைத்தான் பார்க்கும், பொறுங்கள்.

ஆகவே செய்யவேண்டியது: விமானத்தில் அல்தா வரை வந்து கார் வாடகைக்கு எடுங்கள், பாறைவரை சுமார் 240 கிலோமீட்டர். தீவுக்குள் நுழைவதற்கு முந்தைய பகுதி போர்சாங்கர் ஃபியோர்டின் ஓரம்தான். வழியில் ரெப்வோக்கில் நிறுத்துங்கள். இரண்டு இரவு ஹொன்னிங்ஸ்வோக்கிலோ காமோய்வேரிலோ தங்குங்கள், ஒரு இரவு மூடுபனி என்றாலும் அடுத்தது கிடைக்க வாய்ப்பு உண்டு. மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை கடைசிவரை சூரியன் மறையாது, பாறைக்கு நள்ளிரவுக்குப் பிறகு போங்கள், பஸ்கள் போயிருக்கும். கட்டணம் வாங்கலாமா கூடாதா என்று அங்கே ஆண்டுக்கணக்கில் சண்டை நடந்திருக்கிறது, அதனால் போகும் முன் நிலவரம் பாருங்கள். குளிர்காலத்தில் கடைசி 13 கிலோமீட்டரும் பனி அகற்றும் வண்டிக்குப் பின்னால், குறித்த நேரத்தில், வரிசையாக மட்டுமே விடுவார்கள். காற்று கூடினால் அதுவும் இல்லை, ஆகவே டிசம்பரில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் வரவேண்டாம். ஜூலையிலும் குளிர்ச் சட்டை கொண்டுவாருங்கள், பத்துப் பன்னிரண்டு பாகை இருந்தாலே அங்கே வெயில் காலம்.