வெளிநாட்டில் தனியாக வேலைக்குப் போகும் பெண் திருட்டு, வழிப்பறிக்கெல்லாம் எவ்வளவு பயப்பட வேண்டும்?

நீங்க முதல் தடவையா போறீங்க, வீட்ல ஆளாளுக்கு பயமுறுத்திட்டு இருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டு எழுதறேன். நான் கோலாலம்பூர்ல மூணு வருஷம் கணக்கு வேலை பார்த்தவ, ஊரு கோத்தகிரி பக்கம், இப்ப திரும்பி வந்து இங்கதான் இருக்கேன். முதல்லயே சொல்லிடறேன், மலேசியா மோசம்னு நான் சொல்ல வரல, "நாங்க இருபது வருஷமா இருக்கோம், ஒண்ணும் நடக்கல"ன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க. உங்களுக்கு நடக்கல, எனக்கு நடந்துச்சு.

எங்க ஊர்ல ஆறு மணிக்கு மேல வெளிய போகாதேன்னா அது கரடிக்கு. தேயிலைக் காட்டு வழியா வரும்போது சத்தமா பேசிக்கிட்டே வருவோம், புதர் அசையுதான்னு முன்னாடி பார்த்துட்டே நடப்போம். பின்னாடி வர்ற வண்டியத் திரும்பிப் பார்க்கற பழக்கமே எனக்குக் கிடையாது, மாட்டினதே அதுலதான்.

2013, கோலாலம்பூர்ல பிரிக்ஃபீல்ட்ஸ்ங்கற ஏரியா, மழை விட்டு கொஞ்ச நேரம், ஏழு மணி இருக்கும். கையில குடை, பை ரோட்டுப் பக்கத் தோள்ல. மோட்டர்ல ரெண்டு பேரு, அங்க பைக்க மோட்டர்னுதான் சொல்வாங்க, பின்னாடி இருந்தவன் வாரைப் புடிச்சு ஒரே இழு. வார் அறுந்திருந்தா பரவால்ல, அறுகல, நானும் விடல, குடை ஒரு பக்கம் செருப்பு ஒரு பக்கம், நாலஞ்சடி தார் ரோட்டுல தேய்ஞ்சுக்கிட்டே போனப்புறம்தான் கை தானா விட்டுச்சு. முழங்கைல ரெண்டு ரூபா காசு அளவுக்குத் தழும்பு இன்னும் இருக்கு. பைய விடாம இழுபட்டு தலையில அடிபட்டு செத்தவங்களே அந்த ஊர்ல உண்டுன்னு அப்புறம்தான் சொன்னாங்க. அதனால மத்ததெல்லாம் மறந்தாலும் பரவால்ல, இழுத்தா விட்டுருங்க. எதிர்ல வண்டி வர்ற பக்கமா நடங்க, பை சுவத்துப் பக்கம் இருக்கட்டும்.

பையில நூத்திச் சொச்சம் ரிங்கிட், ஃபோன், அம்மா குடுத்த தைல பாட்டில், ஊர்லேர்ந்து வந்தவங்ககிட்ட அண்ணி குடுத்தனுப்பின வர்க்கி அரைப் பாக்கெட் (அதையும் தின்னுருப்பானுங்க), அப்புறம் பாஸ்போர்ட். ஏன் பாஸ்போர்ட்டத் தூக்கிட்டுத் திரிஞ்சேன்னு கேக்காதீங்க. வெளிநாட்டுக்காரின்னா வழில நிறுத்தி செக் பண்ணுவாங்க, ஜெராக்ஸ் காட்டினா ஒருத்தர் தலையாட்டுவாரு, இன்னொருத்தர் ஒரிஜினல் எங்கேம்பாரு, ரூம்ல வைக்கலாம்னா ஆறு பேர் தங்கற ரூமு. எதைச் செஞ்சாலும் நம்மதான் திட்டு வாங்கணும்.

பாஸ்போர்ட் போனது எனக்கு ஏன் அவ்வளவு கலக்குச்சுன்னா, எங்க தாத்தா சிலோன்லேர்ந்து வந்தவரு. 1948ல அங்க இருந்த தோட்டத் தமிழருங்களுக்குக் குடியுரிமை இல்லன்னுட்டாங்க, அவங்கள்ல ஒரு பகுதிய இந்தியா எடுத்துக்கறதுன்னு ஆன 1964 சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் மனு போட்டு, இந்திய பாஸ்போர்ட் வாங்கி, தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் கேம்ப்ல கிடந்து, அதுக்கப்புறம்தான் இந்த மலைக்கே வந்தாரு. அந்தப் பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் பிஸ்கட் டின்ல போட்டு சாகற வரைக்கும் கட்டிலுக்கு அடியில வச்சிருந்தாரு. பாலாய்ல, அதான் போலீஸ் ஸ்டேஷன்ல, நான் உக்காந்து அழுதப்ப முழங்கை வலின்னு நினைச்சு தண்ணி குடுத்தாங்க.

புகாரை அங்க இருந்த தமிழ் போலீஸ்காரர்தான் மலாய்ல எழுத உதவி பண்ணாரு, நல்ல மனுஷன். அந்த ரிப்போர்ட் இல்லாம ஒண்ணும் நகராது, ஹை கமிஷன்லயும், அதான் அங்க இருக்கற நம்ம இந்தியத் தூதரகத்துலயும் கேப்பாங்க, இமிக்ரேஷன்லயும் கேப்பாங்க, காப்பி நிறைய எடுத்து வச்சுக்கோங்க. எமர்ஜென்சி சர்டிபிகேட்டுன்னு ஒண்ணு குடுப்பாங்க, அது ஊருக்குத் திரும்பிப் போக மட்டும்தான், வேலையில தொடரணும்னா புது பாஸ்போர்ட் வாங்கி அதுக்கு விசாவ மாத்தணும். அண்ணன் பழைய பாஸ்போர்ட்ட ஸ்கேன் பண்ணி மெயில்ல போட்டு வச்சிருந்ததால தப்பிச்சேன், நீங்க கிளம்பறதுக்கு முன்னாடியே போட்டுருங்க.

அதுக்கப்புறம் நடந்ததுதான் கூத்து. புது பாஸ்போர்ட்டுக்கு ஊர்ல விசாரணைன்னு எங்க எஸ்டேட் லைன் வீட்டுக்கு ஏட்டு வந்துட்டாரு. அம்மா வெலவெலத்துப் போய் டின்ன திறந்து தாத்தாவோட காகிதத்தை எல்லாம் எடுத்துக் காட்டியிருக்காங்க, அவர் கேக்கவே இல்ல. அவர் டீ குடிச்சுட்டு கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாரு. ஆனா லைன்ல பன்னெண்டு வீட்டுக்கும் நான் மலேசியால என்னமோ பண்ணி மாட்டிக்கிட்டேன்னு ஆயிருச்சு. பைய புடுங்கினவன் மேலகூட எனக்கு இவ்வளவு கோவம் இல்லங்க.

காகிதம்னதும் ஞாபகம் வருது, 2024 மே மாசத்துலேர்ந்து வெளியூர் வண்டி நீலகிரிக்கு வர இ-பாஸ், அதான் ஆன்லைன்ல பதிஞ்சு வாங்கற அனுமதி, வேணும். எங்க அண்ணன் திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலை, வண்டி டிஎன் 39, திருப்பூர் நம்பர், அம்மாவைப் பார்க்க வர்றதுக்கு அவனும் டூரிஸ்ட் மாதிரி ஃபோனை நீட்டிக்கிட்டு செக்போஸ்ட்ல நிக்கறான். கூட்டத்தைக் கட்டுப்படுத்தத்தான், கோர்ட்டு சொன்னதுதான், தெரியும், இருந்தாலும் எரியுது.

சரி, நீங்க தாராளமா போங்க. நானும் புது பாஸ்போர்ட் வந்து இன்னும் ரெண்டு வருஷம் அங்கதான் இருந்தேன், அதே ரோட்டுலதான் நடந்தேன். போன மாசம் ஒரு கல்யாண வீட்ல பந்தியில பக்கத்துல உக்காந்த பெரியம்மா மெதுவா கேக்கறாங்க, "ஏம்மா, அந்த போலீஸ் கேசு முடிஞ்சிருச்சா?"