ஜோவும் குட்டிக்கரணப் பையன்களும்

வணக்கம் சார்,

உங்கள் உரை ஒன்றைக் கேட்டு டிக்கன்ஸின் ‘ப்ளீக் ஹவுஸ்’ வாங்கினேன். நூறு பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. யார் யாரோ வருகிறார்கள், ஒரு கோர்ட் கேஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது. முதலில் இங்கிலாந்து வரலாற்றைப் படி என்றார் நண்பர். அதற்காக வாங்கிய குண்டுப் புத்தகம் ராஜாக்கள் பட்டியலாகவே போகிறது. எதை முதலில் படிப்பது? நாவல் சொல்வதை வரலாறாக நம்பலாமா?

செ., மதுரை

அன்புள்ள செ.,

ராஜாக்களை மூடி வையுங்கள். எட்டாம் ஹென்றிக்கு ஆறு மனைவிகள் என்று தெரிந்துகொள்வதால் ‘ப்ளீக் ஹவுஸ்’ ஒரு பக்கம்கூட எளிதாகிவிடாது.

அந்த நாவல் 1852 மார்ச் முதல் 1853 செப்டம்பர் வரை மாதாமாதம் ஒரு ஷில்லிங் விலையில், 32 பக்கப் பகுதிகளாக வந்தது. நீங்கள் மூச்சு வாங்கி நிற்கும் இடத்துக்கு அன்றைய வாசகர் இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொண்டு நிதானமாக வந்து சேர்ந்திருப்பார். நாவலில் அந்தக் கேஸ் ஓடும் சான்சரி நீதிமன்றத்தைப் பற்றி அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சொத்துத் தகராறு அங்கே போனால் வழக்குச் செலவிலேயே சொத்து கரைந்துபோகும், அவ்வளவுதான். நம்மூர் சிவில் கேஸில் சிக்கிய யாருக்கும் இது புரியும். ஒரு தடவைக்கு மூன்று நான்கு அத்தியாயம் படியுங்கள், போதும்.

வரலாறு வேண்டாம் என்று சொல்லவில்லை. நாவல் எழுதப்பட்ட அதே காலத்தில் அதே தெருவில் நடந்து எழுதியவரைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள் என்கிறேன். டிக்கன்ஸுக்கு அப்படி ஒருவர் ஹென்றி மேஹியூ. 1849இல் ‘மார்னிங் க்ரானிக்கிள்’ பத்திரிகைக்காக லண்டனின் ஏழைகளிடம் நேரில் பேசி எழுதத் தொடங்கியவர். பிறகு அது ‘லண்டன் லேபர் அண்ட் த லண்டன் புவர்’ என்று நான்கு தொகுதிகளாக வளர்ந்தது.

நீங்கள் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, 11ஆம் அத்தியாயத்தில் ஜோ வருவான். குதிரைச் சாணமும் சேறும் கிடக்கும் தெருவில், நல்ல துணி உடுத்தியவர்கள் கடந்து போக வழி பெருக்கிவிட்டுக் காசு வாங்கும் பையன். ஒரு சாவு விசாரணையில் அவனைக் கூப்பிடுகிறார்கள். துடைப்பம் துடைப்பம்தான் என்று அவனுக்குத் தெரியும், பொய் சொல்வது தப்பு என்றும் தெரியும், இரண்டையும் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது நினைவில்லை. இவன் சாட்சி செல்லாது என்று தள்ளிவிடுகிறார்கள். பிற்பாடு அவன் செத்துப்போகும்போது நீங்கள் அழத்தான் செய்வீர்கள்.

அப்புறம் மேஹியூவைத் திறங்கள். அதே வேலை செய்யும் பையன்கள் செயின்ட் மார்ட்டின் தேவாலயப் பக்கம் கூட்டமாக இருக்கிறார்கள். வண்டியில் போகிறவர்கள் முன்னால் குட்டிக்கரணம் போட்டுக் காசு கேட்கிறார்கள், தங்களுக்குள் ஒரு ராஜாவும் ஒரு கேப்டனும் வைத்திருக்கிறார்கள், யாருக்கு எந்த வாடிக்கையாளர் என்பதற்கு முறை இருக்கிறது. ஜோவிடம் இந்தச் சாமர்த்தியம் எதுவும் இல்லை. வாசகரை அழவைப்பதற்காக டிக்கன்ஸ் அவனைத் தனியாளாக்கிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதற்காக டிக்கன்ஸை ஒதுக்கிவிட முடியாது. ஜோவைப் பிடித்த நோய் அவனுக்கு உதவ வந்த சிறுமிக்குத் தொற்றி, அவளிடமிருந்து கதையின் நாயகி எஸ்தர் வரை போய் அவள் முகத்தையே மாற்றிவிடுகிறது. சேரியும் வசதியான வீடும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கின்றன என்பதைக் கதையாகவே கட்டிவிட்டார் மனுஷன். லண்டனின் ப்ராட் ஸ்ட்ரீட் பம்ப்புத் தண்ணீரால்தான் அங்கே காலரா பரவியது என்று டாக்டர் ஜான் ஸ்னோ காட்டியது நாவல் முடிந்த அடுத்த வருடம், 1854இல். தெருவில் கேட்டதைக் கேட்டபடி எழுதிய மேஹியூவால் இப்படி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கதவைத் திறந்து போக முடியாது.

நம்பலாமா என்றால், சான்சரி விஷயத்தில் நம்பலாம், ஜோ விஷயத்தில் பாதி நம்பலாம். டிக்கன்ஸா மேஹியூவா என்ற சண்டையில் யார் பக்கம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், எனக்கு அதுதான் சுவாரசியம்.

மேஹியூ இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறார். நான்கு தொகுதியையும் படிக்கப் போகாதீர்கள், மீன் விலைக் கணக்கிலேயே மூழ்கிவிடுவீர்கள். இரண்டாம் தொகுதியில் இந்தப் பையன்கள், முதல் தொகுதியில் வாட்டர்கிரெஸ் கீரை விற்கும் எட்டு வயதுப் பெண். பார்க்குக்குப் போயிருக்கிறாயா என்று கேட்டதற்கு, என்னை மாதிரி ஆளை உள்ளே விடுவார்களா, சும்மா பார்க்க மட்டும் என்று திருப்பிக் கேட்கிறாள். அவளிலிருந்து ஆரம்பியுங்கள்.